பந்தியைத் துண்டாக்கிய வகுப்பு

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் நடந்தது இது. அங்கே ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.எம். என்ற வணிக நிர்வாகப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பொருளையோ சேவையையோ தாமதமில்லாமல், வீணாக்காமல் ஒழுங்காகக் கொடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பாடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளம்பரம், பங்குச் சந்தை என்று கனவு கண்ட பிள்ளைகளுக்கு என் வகுப்பு மதியத் தூக்கத்துக்குத் தோதான இடம். புத்தகத்தில் உள்ள உதாரணமெல்லாம் வெளிநாட்டுக் கார் தொழிற்சாலைகள். அவற்றைப் பார்த்தே இராத நான், பார்த்தே இராத அவர்களுக்கு விளக்கினால் தூக்கம் வராமல் என்ன வரும்?

அது விருப்பப் பாடம் வேறு. அடுத்த வருடம் அதை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் பாடம் வைக்கலாம் என்று யோசிப்பதாக ஆசிரியர் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் சொன்னார். பாடம் போனால் என் வேலையும் போகும். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார். கல்லூரி ஆண்டு விழாவின் மதியச் சாப்பாட்டை இனி நிறுத்திவிட்டு, பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடலாமாம். காரணம், முந்தைய வருடம் நடந்த கூத்து. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாகப் பந்தி போட்டிருந்தார்கள். முதல் பந்தி எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் இடம் பிடித்துக் காத்து நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்த பெற்றோர் பலர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமலே போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களில், கொள்ளேகால் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் வாழும் மார்டள்ளி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தாயும் உண்டு. கொக்கோ விளையாட்டில் பரிசு வாங்கிய அவருடைய மகள் என் வகுப்பு மாணவி.

பொட்டலம் வேண்டாம், இந்த வருடம் சாப்பாட்டை என் வகுப்பு நடத்தும் என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. முதல்வர் சிரித்துவிட்டு, சரி, இதிலேயே உங்கள் பாடத்தின் லட்சணமும் தெரிந்துவிடும் என்றார்.

வகுப்பில் சொன்னதும் அதுவரை தூங்கியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரிமாற இன்னும் ஆள் போட்டால் போதும் என்பதுதான் எல்லோருடைய முடிவும். வேலை எங்கே தேங்குகிறது என்று பார்க்காமல் ஆளைக் கூட்டக் கூடாது, முதலில் போய்ப் பாருங்கள் என்றேன். அந்த மார்டள்ளிப் பெண்ணின் அக்காவுக்கு அப்போது கொள்ளேகாலில் கல்யாணம். வகுப்போடு பஸ் ஏறிவிட்டோம்.

மண்டபத்தில் பந்தி நடக்கும்போது என் பிள்ளைகள் கையில் கடிகாரத்தோடு வரிசையாக நின்று சாப்பிடுகிறவர்களையே உற்றுப் பார்த்தார்கள். கல்யாண அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணின் தாய் அதைக் கண்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், சோறு உங்கறவங்க எலையப் பாத்துட்டு நிக்கப் படாதுங்க. கண்ணு பட்டுப் போயிரும். நீங்களும் உக்காந்து உண்ணுங்க."

மறுக்க முடியுமா? ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். அன்று மட்டும் அவர் எங்களை விரட்டியிருக்காவிட்டால் எங்களுக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. நின்று பார்த்தபோது கண்ணில் படாதது, உட்கார்ந்ததும் உடம்புக்கே தெரிந்தது. பரிமாறுவதில் தாமதமே இல்லை. நாங்கள் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கை காய உட்கார்ந்திருந்தோம். வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர் நிதானமாகப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை யாரும் எழ முடியாது. முடித்ததும் அத்தனை பேரும் ஒரேயடியாக எழுந்து கை கழுவும் குழாய்க்குப் பாய, அங்கே இன்னொரு நெரிசல்.

மறுநாள் வகுப்பில் ஒரே வாக்குவாதம். முடித்தவர்கள் அவரவர் எழுந்து போகட்டும் என்று அறிவித்துவிடலாம் என்றான் ஒரு பையன். பஃபே வைக்கலாம் என்றான் இன்னொருவன். வகுப்பில் வாயே திறக்காத மார்டள்ளிப் பெண் எழுந்தாள்.

"பக்கத்துல ஒருத்தர் உண்டுட்டு இருக்கறப்ப எங்கம்மா எந்திரிக்க மாட்டாங்க மேடம். நின்னுட்டும் உண்ண மாட்டாங்க. வழக்கத்தை மாத்த வேண்டாமுங்க. வரிசையத் துண்டு துண்டாப் போட்டு, உண்டு முடிச்ச துண்டு மட்டும் எந்திரிச்சா என்னங்க?"

அடுத்த வாரம் நடத்துவதற்காக நான் வைத்திருந்த பாடம் அதுதான். பெரிய தொகுதியாகச் செய்தால் காத்திருப்பும் பெரிதாகும், தொகுதியைச் சிறிதாக்கு என்பது. கார் தொழிற்சாலை இல்லாமலே என் வகுப்பு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதை அவளையே கூப்பிட்டு வெட்டச் சொன்னேன்.

விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகை பார்த்தோம். சொதப்பல். சாம்பார்க்காரனும் ரசக்காரனும் முட்டிக்கொண்டார்கள், ஒருவன் சட்டையெல்லாம் ரசம். பிறகு ஒவ்வொரு சின்னப் பந்திக்கும் தனிக் குழு என்று வைத்தோம். அவர்கள் அந்தப் பந்தியை விட்டு நகரக் கூடாது. எல்லாப் பந்தியும் ஒரே நேரத்தில் தொடங்காது. முதல் பந்தியில் சாம்பார் ஊற்றும்போதுதான் அடுத்ததற்கு இலை விழும். அப்போதுதான் குழாயடியிலும் கூட்டம் சேராது. இதென்ன கல்யாணச் சாப்பாடா, குழந்தைகளுக்குச் சோறூட்டுகிறீர்களா என்று சமையல்காரர் கேலி செய்தார். பெரிய அண்டாவிலிருந்து சின்ன வாளிகளுக்கு மாற்ற வேண்டியிருந்ததில் அவருக்கு வருத்தம்.

விழா அன்று விடியற்காலையில் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து இலைக்கட்டுகள் வந்து இறங்கின. எல்லாம் தயார். ஆனால் சிறப்பு விருந்தினர் பேச்சை முடிப்பதாக இல்லை. அவர் ஒருவழியாக முடித்தபோது, வெளியூர் பஸ்ஸுக்கு இருந்த நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டிருந்தார். முதல்வர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். துண்டுப் பந்தியெல்லாம் வேண்டாம், பழையபடி நீளமாகப் போட்டு அத்தனை பேரையும் உட்காரவையுங்கள் என்றார் கன்னடத்தில்.

என் பிள்ளைகள் இலையும் வாளியுமாக என் முகத்தையே பார்த்தார்கள். அந்த மார்டள்ளிப் பெண் மட்டும் வாசலில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள்.

நேரம் குறைவாக இருக்கும்போதுதான் சார் இது வேண்டும் என்றேன். சரியாக வராவிட்டால் நாளையிலிருந்து நான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டேன். அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதல் பந்தி உட்கார்ந்தது. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. முதல் பந்தி முறைப்படி சேர்ந்தே எழுந்து கை கழுவப் போனது. இலையெடுத்துத் துடைத்த இடத்தில் அடுத்தவர்கள் உட்கார்ந்தார்கள். யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் நிற்கவில்லை. சட்டையில் ரசம் கொட்டிக்கொண்ட அதே பையன், ஒரு பாட்டிக்கு அப்பளம் போட்டுவிட்டு, அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லிக் கையைக் காட்டியதைப் பார்த்தேன். யாரும் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. நான் செய்வதற்கு வேலையே இல்லை. ஒரு வாத்தியாருக்கு அதைவிடப் பெருமை என்ன வேண்டும் என்று தோன்றி, தூணோரம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முதல்வரும் ஒரு சின்னப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சேர்ந்து எழுந்தார். போகும்போது, அடுத்த வருடமும் உங்கள் வகுப்பே பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் பாடம் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

மார்டள்ளித் தாய் முந்தானையில் கையைத் துடைத்தபடி என்னைத் தேடி வந்தார்.

"போன வருசம் பசியோட பஸ் ஏறுனனுங்க டீச்சர். இன்னிக்கு ரெண்டாந்தரம் பாயசம் வாங்கிக் குடிச்சுட்டுப் போறனுங்க. எம்புள்ளதான் இந்த வழியச் சொன்னாளாமா?"

ஆமாம், உங்கள் மகள்தான் என்றேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பஸ்ஸைப் பிடிக்க அவசரமில்லாமல் நடந்துதான் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்தப் பாடத்தை நடத்திவிட்டேன். இன்றும் ஏதாவது கல்யாணத்தில் நீளப் பந்தியில் மாட்டிக்கொண்டு, கை காய உட்கார்ந்திருக்க நேர்ந்தால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. கரும்பலகைக் கோட்டை வெட்ட எழுந்து வந்த அந்தப் பெண்ணை நினைத்து, அவளுக்கு நான் டீச்சராக இருந்தேன் என்று நெஞ்சு நிமிர உட்கார்ந்திருப்பேன்.