ஏரம்புவின் காலும் யோசப்பினின் குழாய்களும்

குருநகர்ப் பெண் யோசப்பின், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பத்து வருடமாக வேலை செய்கிறவள். "கண்ணாலை கண்டதைத்தான் எழுதுவன்" என்பாள். எழுதியதை யார் வந்து சொன்னாலும் அழிக்க மாட்டாள். டொக்டர்மாருக்கே அவளிடம் கொஞ்சம் பயம்.

தொண்ணூற்று மூன்றில் ஏரம்பு வந்தார். உடுவில் பக்கம் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். பனைமட்டைக் கருக்குக் கீறிய இடத்தில் ஒரு பரு கிளம்பி, வலது பாதம் முழுக்கப் பூக்கோவாப் பூ மாதிரி மொட்டுமொட்டாகப் படர்ந்திருந்தது. யோசப்பின் அதைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். பழுப்பு நிற உருண்டைகள். மண்ணிலும் மட்டையிலும் இருக்கிற பங்கசு என்கிற பூஞ்சணம், கீறலுக்குள்ளால் போய்க் குடியேறிவிட்டது. டொக்டர் கனகரத்தினம் குளிசை எழுதினார்: நாளுக்கு இரண்டு, ஆறு மாதம், ஒரு நாளும் விடக்கூடாது. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரத் தடை இருந்த காலம்; கப்பலில் வந்த மருந்துப் பெட்டிகளுக்குள் அது கிடைத்ததே பெரும்பாடு.

கால் ஆறத் தொடங்கியது. பிறகு முன்னிலும் மோசமாக வெடித்தது. மறுபடி அதே குளிசையைக் கொடுத்தும் கேட்கவில்லை.

"முழங்காலுக்குக் கீழை எடுக்கிறதுதான் வழி" என்றார் டொக்டர்.

மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர்ப் பம்புகள் நின்று, தோட்டக்காரர் பழையபடி கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒற்றைக் காலோடு யார் துலா மிதிப்பது? யோசப்பின் ஏரம்புவைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணை, முதல் தந்த குளிசையை எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

"கவனமாத்தான் தங்கச்சி. நாளுக்கு அரை. கொஞ்சம் சுகம் வந்தோடனை நிப்பாட்டி, மிச்சத்தைப் பொத்தி வைச்சிருக்கிறன். பிறகு கிடைக்காட்டி?"

மனுசன் பெருமையோடு சொன்னார். அவளுக்கு ஏச வாய் வரவில்லை. சவுக்காரத்தை நூலால் அறுத்து வைத்து, ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்ட ஊரில் மிச்சம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அரைக் குளிசையில் நோஞ்சான் பங்கசு செத்தது. தாக்குப்பிடித்தது பெருகிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டது.

நேரே டொக்டரிடம் போனாள். "எனக்கு ஆறு கிழமை தாங்கோ. வேறை எதுக்கு அடங்குமெண்டு பாத்துச் சொல்லுறன்."

"உமக்கு நிச்சயமோ?"

"பாத்தாப்பிறகு நிச்சயம்."

உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் கடற்பாசி காய்ச்சி, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி இறுகவிட்டு, ஏரம்புவின் காலில் எடுத்த பங்கசை அதில் வளர்த்தாள். சில குழாய்களில் அதே குளிசையைப் பொடித்துக் கலந்தாள். அது சாப்பாடு போட்டதுபோலக் கறுகறுவென்று தழைத்தது. இன்னும் சில குழாய்களை நாளுக்குச் சில மணித்தியாலம் சுடுதண்ணீர்ப் போத்தலில் வைத்து, ஆற ஆறத் தண்ணீர் மாற்றினாள். இந்தச் சாதிப் பங்கசுக்குச் சூடு ஆகாது என்று எப்போதோ படித்திருந்தாள். ஆறு வாரம் கழிந்தும் அந்தக் குழாய்களில் ஒன்றும் முளைக்கவில்லை.

அவற்றை டொக்டரின் மேசையில் நிரையாக வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப, சூடுதான் மருந்து. வறுத்த உப்பு ஒத்தடமோ?"

"ஓம். கால் பொறுக்கிற சூட்டிலை. வேறை குளிசையும் ஒண்டு சேத்துத் தாங்கோ."

சத்திரசிகிச்சைச் சீட்டை அவர் கிழித்துப் போட்டார்.

ஒன்பது மாதம், நாளுக்கு நாலு தரம், ஏரம்புவின் மனைவி இரத்தினம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டிப் பாதத்தில் வைத்தாள். புதுக் குளிசையில் ஒன்றைக்கூட ஏரம்பு மிச்சம் பிடிக்கவில்லை. மாதாமாதம் வெறும் பெட்டியைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது யோசப்பினின் கட்டளை. கடைசியாகச் சுரண்டிப் பார்த்தபோது உருண்டைகள் இல்லை. 'இல்லை' என்று எழுதும்போது சந்தோசத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், சண்டை நெருங்கி, ஊரே ஒரே நாளில் வீடுவாசலை விட்டு எழும்பி, கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. மறுநாள் காலை, வழியில் கைதடியில், செருப்பறுந்து, உள்ளங்கால் கொப்புளம் எல்லாம் வெடித்து, யோசப்பின் தெருவோரத்தில் குந்திவிட்டாள். இனி ஓரடி வைக்க அவளால் முடியாது. சைக்கிள் ஒன்று அவளுக்கு முன்னால் வந்து நின்றது. உருட்டிக்கொண்டு வந்தவர் ஏரம்பு; பின்னால் நடந்து இரத்தினம்மா. அவர் காரியரில் இருந்த மூட்டையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏறுங்கோ தங்கச்சி. நான் உருட்டிறன்."

"மூட்டையோடை எவ்வளவு தூரம் நடப்பீங்கள் அண்ணை?"

"எனக்கென்ன, ரண்டு கால் கிடக்கு."