கேக்கில் எழுதும் என் தம்பியும் அவன் சர்க்கரையும்

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு ஆறு வயது இளையவனான என் தம்பி ஒன்பதாவதில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்து வந்தவன். ஆனால் அவன் வேலை செய்யும் பேக்கரியில் அவனுக்குப் பெயர் வாத்தியார். கேக்கின் மேல் எழுதுவதுதான் அவன் வேலை. பதினேழு வருடத்தில் ஓர் எழுத்துப்பிழை வந்தது கிடையாது. 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று ஒருமுறை கடையில் சண்டை வந்தபோது அவனிடம் தீர்ப்புக்குப் போனார்களாம். "கேக் சின்னது. வாழ்த்துன்னு போட்டா போதும்" என்று சொல்லிவிட்டு எழுதி முடித்தானாம்.

ஐசிங் நிரப்பிய காகிதக் கோனைப் பிடித்து அவன் 'ழ'வைச் சுழிப்பதை நின்று பார்க்க வேண்டும். கை மேஜையில் படாது. புள்ளி வைத்தால் கடுகு மாதிரி உருண்டையாக உட்காரும். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அந்தப் புள்ளி வராது.

அவனுக்கு முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. சர்க்கரைக்காரனுக்கு ஐசிங் மேஜையில் வேலை. கேலி பேசாதவர்களே கிடையாது. அவன் கவலைப்படவில்லை. மாத்திரை, நடை, அளந்து சாப்பாடு என்று ஒழுங்காக இருந்தான். மூன்று மாத சராசரி பார்க்கிற பரிசோதனையில் நாலு வருடமும் ஏழு, ஏழேகால் என்றுதான் வரும். தேதி வாரியாக நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது என் பழக்கம். எனக்குச் சலவைக்கடையில் வேலை, எந்தத் துணியில் எங்கே என்ன கறை என்று வாங்கும்போதே எழுதாவிட்டால் பிறகு பழி நம் தலையில் விழும்.

போன வருடம் ஒரு பரிசோதனையில் அது ஒன்பதரைக்கு ஏறியது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். ஆறு வாரம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்தால் அதுவும் முன்பைவிட அதிகம். மறுபடி கூட்டினார். கூட்டும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதையும் மறைக்காமல் சொல்லும்படி அவனிடம் கேட்டார். அவன் எதையும் சாப்பிடவில்லை என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

முதலில் நான் சந்தேகப்பட்டது அவன் விரலை. நாள் முழுக்க ஐசிங் சர்க்கரையில் புழங்குகிற கை. ரத்தச் சர்க்கரைக்குக் குத்திப் பார்க்கும்போது விரலில் அந்தத் தூள் ஒட்டியிருந்தால் கருவி பொய் சொல்லும். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவச் சொல்லி என் கண் முன்னால் குத்த வைத்தேன். இருநூற்று எழுபது. விரல் மேல் குற்றம் இல்லை. அதன்பின் நான் சந்தேகப்பட அவனைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

அவன் மனைவிக்கும் அதே எண்ணம்தான். ஒருநாள் சலவைக்கடைக்கே வந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகப் பேசினாள். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறானாம், ஆனாலும் ஆள் எட்டு கிலோ இளைத்துவிட்டானாம். படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறானாம். கை நடுங்குகிறதாம். இனிப்பு மட்டும்தானா, வேறு ஏதாவது பழக்கமா என்று அவளுக்குச் சந்தேகம்.

"அண்ணி, அவர் துணியெல்லாம் உங்ககிட்டதானே வருது. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

நான் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அவன் சட்டைப் பைகளை உள்ளே இருந்து வெளியே இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். கைமடிப்பில் கிரீம் இருக்கிறதா, கைக்குட்டையில் சாக்லேட் துடைத்திருக்கிறதா, முகர்ந்தால் வேறு வாசனை வருகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. வேர்வைதான் இருந்தது. குளிர் காலத்திலும் காலரிலிருந்து முதுகு வரைக்கும் உப்புப் பூத்துக் கிடந்தது. பேக்கரி என்றால் அடுப்பு இருக்கும், வேர்க்கும் என்று ஊறப்போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகக் கறை பார்க்கிறவள் நான். இனிப்பைத் தேடிய கண்ணுக்கு வேர்வை ஒரு கறையாகவே தெரியவில்லை.

நான் தேடுவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பையை மறுபடி உள்ளே தள்ள மறந்திருக்கிறேன். சட்டையை வாங்கியவன் தொங்கிய பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரம் அவன் துணி என்னிடம் வரவில்லை.

அதற்குள் பேக்கரி முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. மாவு பிசைகிற பக்கத்துக்கு அவனை மாற்றப் போவதாகவும், வீட்டில் பெரியவள் நான் என்பதால் முன்கூட்டியே சொல்வதாகவும் சொன்னார். எழுத்தை எடுத்துவிட்டால் அவன் வாத்தியார் இல்லை, மூட்டை தூக்குகிற ஒரு நாற்பத்திரண்டு வயது நோயாளி. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நேராகப் போனேன்.

முதலாளி மரியாதையான மனிதர்தான். கேக்கைப் பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து வைப்பது அந்தக் கடையின் வழக்கம். வாடிக்கையாளர் பிறகு தகராறு செய்தால் காட்டலாம். அந்தப் படங்களை எனக்குத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"பாருங்கம்மா. குடிச்சிட்டு வர்றவன் கையெழுத்து மாதிரி இல்ல? வாத்தியார்னு பேரு வெச்சதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு."

நான் ஃபோனை என் கையில் வாங்கிக்கொண்டேன். பழைய படத்திலிருந்து வரிசையாகப் பார்த்தேன். புள்ளிகளை மட்டும் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட மாதம் வரைக்கும் கடுகு மாதிரி உருண்டை. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் சின்ன வால். பிறகு வால் நீண்டு, 'ழ'வின் சுழி பல் பல்லாகிவிட்டது. காலையில் எழுதினதும் அப்படி, சாயங்காலம் எழுதினதும் அப்படி. குடித்தவனுக்குத் தெளிகிற நேரம் என்று ஒன்று இருக்குமே. பையிலிருந்து என் நோட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். வால் முளைத்த மாதமும் சர்க்கரை ஏறத் தொடங்கிய மாதமும் ஒன்று. அப்போதுதான் அந்தக் காலர்கள் ஞாபகம் வந்தன. அவன் எழுதும் அறையில் அடுப்பே கிடையாது. ஐசிங் உருகாமல் இருக்க நாள் முழுக்க அங்கே குளிர்சாதனம் ஓடும்.

முதலாளியிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். படங்களை என் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னேன். அடுத்த நாள் தம்பியை இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். வரமாட்டேன் என்றுதான் நின்றான். "இன்னும் எந்தப் பையைத் தேடணும்க்கா உனக்கு?" என்று கேட்டான். சட்டையைப் பிடித்துத்தான் இழுத்தேன்.

மருத்துவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். சர்க்கரை கூடினால் ஆள் இளைக்கலாம், ஆனால் எழுத்து இப்படி நடுங்காது என்றார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, அதன் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் காற்றில்லாமலே படபடத்தது. நாடி நூற்றுப் பன்னிரண்டு. எச்சில் விழுங்கச் சொல்லிவிட்டு அவன் கழுத்தின் முன்பக்கம் விரல்களை வைத்துப் பார்த்தார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்தபோது அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். கழுத்தில் இருக்கிற அந்தச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அது வேகமெடுத்தால் உடம்பு முழுக்க வேகமெடுக்கும். சாப்பிட்டது சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். ஈரல் தன் பங்குக்குச் சர்க்கரையைத் தள்ளிவிடும். சர்க்கரையை அடக்குகிற இன்சுலினோ சீக்கிரம் கரைந்துவிடும். இவன் பட்டினி கிடந்திருந்தாலும் எண் இறங்கியிருக்காது. தைராய்டுக்கு மாத்திரை எழுதினார். நடுக்கத்துக்குத் தனியாக ஒன்று. முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். தம்பி வெளியே வந்து என் செருப்பை எடுத்து என் பக்கமாகத் தள்ளி வைத்தான். அவ்வளவுதான்.

மருத்துவர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். தைராய்டு இறங்க இறங்கச் சர்க்கரையும் இறங்கும். கூட்டி வைத்த சர்க்கரை மாத்திரையைப் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும், அதுவரை, திடீரென்று அளவுக்கு மீறி இறங்கினால் வாயில் போட இனிப்பாக ஏதாவது எப்போதும் பையில் இருக்கட்டும் என்றார். அவன் தலையை ஆட்டினான். பையில் ஒன்றும் வைக்கவில்லை. அவன் பையில் ஒரு மிட்டாயைப் பார்த்தால் யார் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

ஏழாவது வாரம் புள்ளிகள் உருண்டையாகிவிட்டன. முதலாளி மாவு பக்கத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஆனால் தன் மேல் பழி வராதபடி, தம்பி வெளியே போகும்போதெல்லாம் ஐசிங் சர்க்கரை டின்னுக்கு மூடி போட்டு, மூடியின் மேல் எடைக்கல் வைத்துவிட்டுப் போவதாகக் கேள்வி.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க மூன்று நாள் இருக்கும்போது, காலை பதினொன்றரைக்குப் பேக்கரியிலிருந்து ஃபோன். வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், மறுபடி கை நடுங்குகிறது, என்ன போட்டுவிட்டு வந்தார் என்று கேட்டார் முதலாளி. இரண்டு தெருதான். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, சர்க்கரை பார்க்கும் கருவி இருந்த என் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எழுதும் அறையில் எட்டு கேக் வரிசையாக இருந்தன. அவன் எதிரே ஐசிங் சர்க்கரை டின் திறந்து கிடந்தது. அவன் இரண்டு கைகளையும் அக்குளில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. வாசலில் முதலாளியும் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்ணுது?"

"சர்க்கரை எறங்கிடுச்சுக்கா."

"எதிர்லயே இருக்கேடா. எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். "எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

ஒரு டம்ளர் தண்ணீரில் அந்த டின்னிலிருந்தே இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, எல்லோரும் பார்க்கட்டும் என்று அவன் வாயில் வைத்தேன். குடித்தான். அவன் விரலைக் கழுவித் துடைத்துக் குத்தினேன். ஐம்பத்தெட்டு. அந்தக் கருவியை முதலாளி முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாத்திருந்தீங்கன்னா விழுந்திருப்பான்" என்றேன். அவரிடம் சொன்னேனே தவிர, என் குரல் எனக்கே கேட்டது. பை பையாகத் தேடியவள் நான்தானே.

அவர் உள்ளே வந்து மேஜையில் கிடந்த டின் மூடியை எடுத்தார். மூடுவாரோ என்று நினைத்தேன். அதை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, கால் மணி நேரத்துக்கு யாரும் வாத்தியாரைக் கூப்பிடக் கூடாது என்று வெளியே இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கால் மணி கழித்துத் தொண்ணூற்றாறு. அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து கோனை எடுத்தான். எட்டு கேக்கில் மூன்று கேக் மதியம் இரண்டு மணிக்குப் போக வேண்டியவை.

"நீ போக்கா, கடையைப் போட்டுட்டு வந்திருப்ப" என்றான்.

நான் போகவில்லை. மூன்றும் முடிகிறவரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.