எனக்காகக் குதித்தவர்

அறுபதுகளில் காங்கேயம் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தவள் நான். தாய் தகப்பன் முகம் தெரியாது. எங்களுக்குச் சேவை செய்ய டென்மார்க்கிலிருந்து மார்த்தா என்றொரு அம்மா வருகிறார் என்றதும் இல்லமே பரபரப்பானது. "அவங்க வாரதுக்குள்ள குளிச்சுப்போட்டு வாங்க கண்ணுகளா" என்று, எங்களைப் பார்த்துக்கொள்ளும் சரசக்கா தோட்டத்துக் கிணற்றுக்கு விரட்டினார்.

மேலேயிருந்து குதித்து அடிவரை முங்கி எழுவதுதான் எங்கள் குளியல். நான் குதித்த நேரம் பார்த்து மார்த்தா அம்மா பெட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்திருக்கிறார். நான் முங்கி எழுந்தால், பக்கத்தில் கவுனும் ஷூவுமாக ஒருவர் தத்தளிக்கிறார்! சின்னப் பிள்ளைகள் நீச்சல் பழகும் காய்ந்த சுரைக்குடுக்கையை அவர் கையில் கொடுத்து, நானும் தோழி ருக்மணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படிக்கு இழுத்து வந்தோம்.

ஓடிவந்த சரசக்கா அவரிடம் ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டுத் தன் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீ தவறி உழுந்துட்டீன்னு நெனச்சுக் குதிச்சுப்போட்டாங்க அம்மணி. அவங்களுக்கு நீச்சலே தெரியாதாமா!"

மார்த்தா அம்மாவோ நடுங்கிக்கொண்டே, எனக்கு எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்கு நீச்சல் பழக்கியதும் நாங்கள்தான்.

இன்றும் பேத்திகளோடு நீந்தப் போனால், கரையில் புதுமுகம் யாராவது நின்றால், "எனக்கு நீச்சல் தெரியுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் குதிக்கிறேன். பேத்திகள் சிரிக்கிறார்கள். எனக்காகக் குதிக்கவும் ஓர் ஆள் உண்டு என்று கண்டவள் நான். சொல்லாமல் குதிக்க மனம் வருவதில்லை.