செடியாண்ட பூச்சி கீது

கூடுவாஞ்சேரியில் எங்கள் மனை ஏரியை ஒட்டியது. வாங்கும்போது காற்று நன்றாக வரும் என்றார்கள். காற்றோடு வேறு என்னென்ன வரும் என்று எவன் சொன்னான்? வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு மண்ணில் காசித்தும்பை, ஜீனியா, துலுக்க சாமந்தி எல்லாம் விதை போட்டே வளர்த்தேன். நர்சரியில் பூத்த செடியை வாங்கி வைத்துவிட்டு "நான் வளர்த்தது" என்று பீற்றிக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அந்திமந்தாரை மட்டும் மகளுடையது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மிளகு மாதிரி இருந்த விதைகளை அவளே விரலால் குழி குத்தி மதில் ஓரமாகப் புதைத்தாள். செடி அவள் உயரத்துக்குப் புதராக வளர்ந்துவிட்டது. வெயில் தாழ்ந்தால்தான் அது பூக்கும். விரிகிறதைப் பார்த்தே தீருவேன் என்று சாயங்காலமானால் அங்கே போய்க் குந்திக்கொள்வாள். கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பூர்வீகமே இந்த ஊர்தான். பகலெல்லாம் ஸ்டேஷன் பக்கம் மளிகைக் கடையில் இருப்பார், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவருடைய முருங்கை மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். மழை வந்தால் கம்பளிப்பூச்சியாகக் கொட்டும். வெட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

ஐப்பசி மழை பிடித்த சமயம், பின்னால் புதர் மண்டிக் கிடந்த காலி மனையை ஜேசிபி விட்டு வழித்தெடுத்தார்கள். அன்று சாயங்காலம் மதிலுக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது.

"இந்தாம்மா, செடியாண்ட பூச்சி கீது. கொயந்தைய அங்க வுடாத."

எனக்குச் சுருக்கென்றது. யார் வீட்டுப் பூச்சியை யார் சொல்வது!

"எல்லாம் உங்க முருங்கையிலேர்ந்து வர்றதுதான்க்கா."

"அது இல்லம்மா... பூச்சி," என்று இழுத்தார். நான் விருட்டென்று உள்ளே வந்துவிட்டேன். மறுநாளே வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து இலை இலையாக அடித்தேன்.

மழை விட்டால் காது கிழியக் கத்துகிற தவளைகள் அப்புறம் வாயே திறக்கவில்லை. நிம்மதி என்று நினைத்தேன். மதில்மேல் படுத்துக் கிடக்கும் பூனையும் அந்தப் பக்கம் வருவதை விட்டது. ஒரு நாள் மகள் எதையோ விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். "அம்மா, டிசைன் போட்ட கவர். என் செடில மாட்டிட்டு இருந்துச்சு." ஆபீஸ் போனில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடச் சொன்னேன்.

அக்கா மறுபடி வந்தார். "இன்னும் கீதும்மா. பெருசு."

"மருந்து அடிச்சிருக்கேன்க்கா. செத்துடும்."

"அதுக்கு மருந்து கேக்குமா?" என்றார். நக்கல் பண்ணுகிறார் என்றே நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் சாமி விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்கிறேன், பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல்.

"பாம்பு! பாம்பு! கொயந்தைய தூக்குடி!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பூவெல்லாம் விரிந்திருந்தது. மகள் விதை பொறுக்கப் புதருக்குள் கையை விட்டிருந்தாள். அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளி, படம் எடுத்து நின்றது. கவுனைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அது நிதானமாகப் படத்தைச் சுருக்கிக்கொண்டு மதிலடியில் இருந்த பொந்துக்குள் போனது.

"எத்தினி தபா சொன்னேன்!" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா கத்தினார்.

"பூச்சின்னுதானேக்கா சொன்னீங்க. நான் கம்பளிப்பூச்சின்னு..."

தலையில் அடித்துக்கொண்டார். விளக்கு வைத்தபின் அதன் பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி, வந்துவிடும் என்பார்கள். அதனால் பூச்சி என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா? என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். முருங்கைமேல் இருந்த ஆத்திரம் காதை அடைத்துவிட்டது. மகள் கொண்டுவந்த கவர் அது உரித்துப் போட்ட சட்டை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வெளக்கு வெச்சப்புறம் பேரச் சொல்லிட்டேனே. இனிமே அது தேடிக்கினு வருமே," என்று புலம்பினார். மதிலுக்கு மேலாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். என் பிள்ளைக்காக அல்லவா சொன்னார்!

பாம்பு பிடிக்கிறவர் வந்து மதில் ஓரமெல்லாம் தோண்டினார். ஒன்றும் சிக்கவில்லை. "இங்கதான் எங்கியாவது இருக்கும், பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பொந்தை சிமென்ட் வைத்து அடைத்தோம். உள்ளே வைத்து அடைத்தோமா, வெளியே விட்டு அடைத்தோமா, யாருக்குத் தெரியும்? அந்திமந்தாரை பக்கம் இப்போது யாரும் போவதில்லை. அது பாட்டுக்குப் பூக்கிறது.

நேற்று விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். மகள் சமையலறை வாசலில் நின்று அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் புடவையைப் பிடித்து இழுத்து, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, பூச்சி."

எந்தப் பூச்சி என்று நான் கேட்கவில்லை.