பெல்ட்டுக்குப் பக்கத்தில் நான் வரைந்த பெண்

"சாரே, அக்கா காலம்பற போயிட்டா. படம் வரையுதவங்ககிட்ட எல்லாம் சொல்லிருங்க."

கடற்கரை ஊரான இனயத்திலிருந்து ஃபோனில் ரோஸ்லின் அக்காவின் தம்பி சேவியர் சொன்னது இவ்வளவுதான். அக்காவை அறிந்த நம் ஓவியக் குழுவினர் உங்களுக்கு அன்றே நான் செய்தி சொன்னேன். பலரும் என்னிடமே துக்கம் விசாரித்தீர்கள். அவரை ஓவியராகக் கண்டுபிடித்தவன் நான் என்று இரண்டு பேர் சொன்னபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

அக்கா மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் பிளாண்டில் மெஷின் ஓட்டினார். முதலில் அது தம்பி சேவியர் பார்த்த வேலை. கம்ப்ரஸர் பெல்ட் இழுத்து அவருடைய வலது கை போன பிறகு அக்கா அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். மெஷினுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைக் கொண்டு பிளைவுட் பலகைகளில் அந்த மெஷினையே வரைந்தார். பச்சைச் சக்கரம், உறைபனி மூடிய குழாய்கள், எண்ணெய் மினுங்கும் போல்ட்டுகள். முதல்முறை பார்த்தபோது நான் கேட்டேன்: "தம்பிக்க கைய எடுத்த மெஷின இவ்வளவு அழகா வரைய எப்பிடி மனசு வருது?"

"அது எப்பவும் சுத்துத மாதிரிதான் சுத்திச்சு மக்கா. எங்க நிக்கப்பிடாதுன்னு நமக்குத்தான் தெரியணும். அழகு அழகுதானே?"

நாகர்கோவிலில் நம் குழு நடத்திய கண்காட்சிக்கு அவருடைய பெரிய படத்தை வாங்கி வந்தேன். முந்தைய நாள் சுவரில் மாட்டியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சக்கரமும் பெல்ட்டும் மட்டும்தான், ஆளே இல்லை. வருகிறவர்கள் என் தேர்வைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். தூரிகையை எடுத்து, பெல்ட்டுக்குப் பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு பெண்ணை வரைந்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபோன் சட்டைப்பையில்தான் இருந்தது.

மறுநாள் எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் பாராட்டினார்கள். ஒரு கல்லூரி முதல்வர் படத்தைத் தம் கல்லூரிக்குக் கேட்டார். மதியம் பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா, படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இவ எதுக்கு இங்க நிக்கா? இந்த எடத்துல நின்னுதான் எனக்க தம்பிக்க கை போச்சு."

"படத்துல உயிர் வேணும்லா அக்கா."

"உயிரு இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அதற்குள் ஃபோட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் சிரித்தபடி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன்பிறகும் கூட்டங்களுக்கு வந்தார். ஆனால் ஒரு படத்தைக்கூட வெளியே கொடுக்கவில்லை. "பாக்கணும்னா வீட்டுக்கு வா" என்பார். ஏன் அக்கா கண்காட்சியில் வைப்பதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "அவங்களுக்குக் கூச்சம்" என்று நான் சொன்னேன். அது பொய்.

அடக்கம் முடிந்து கல்லறைத்தோட்டத்திலிருந்து திரும்பும்போது சேவியர் கேட்டார்: "காலேஜுல இருக்க படத்த நான் பாத்ததே இல்ல சாரே. ஒருக்க கூட்டிட்டுப் போவியளா?"

"போவோம். அதுல ஒரு பொம்பள நிப்பா. அத அக்கா வரையல்ல, நான் வரைஞ்சது" என்றேன். அவள் எங்கே நிற்கிறாள் என்பதையும் சொன்னேன். அவர் இடது கையால் வெறும் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அக்காட்ட மன்னிப்பு கேட்டியளா?"

"இல்ல."

"பின்னயும் பன்னெண்டு வருசம் உயிரோட இருந்தாளே சாரே."

நான் வரைந்த உருவத்தை நீக்கித் தரும்படி கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். அந்த வேலையை இதில் தேர்ந்த வேறொருவர் செய்யவேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

அக்காவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அடக்கத்தன்று ஊர் திரும்பும் வழியில், பாலம் கட்டும் இடத்தில் ஒரு மஞ்சள் கிரேன் கையை மெல்லத் திருப்புவதைக் கண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படி இறங்கிப் பார்க்க வைக்கும் கண் ரோஸ்லின் அக்கா எனக்குத் தந்தது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.