கரைவலைக்காரர்கள் ஏற்றிய விமானம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சவூதியிலிருந்து ஒன்றரை மாத லீவில் கல்முனைக்குடிக்கு வந்தார். தங்கைகளுக்குச் சீலை, அத்தர் போத்தல், வீட்டுக்கு ஒரு டெலிவிஷன். எல்லாம் பிரித்து முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, துவாயில் சுற்றிய ஒரு பெட்டியைக் காட்டினார். நாடு திரும்பிய ஒரு கொரியாக்காரனிடம் பழசாக வாங்கிய, பொம்மை விமானம் ஓட்டும் ரிமோட், கூடவே அதன் வாலைத் திருப்ப இரண்டு குட்டி மோட்டார்கள். விமானம் எங்கே என்று கேட்டேன். அதை நாம்தான் செய்ய வேண்டும் என்றார்.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். நானும் அப்படிக் கொடுத்த வீட்டில்தான் குடியிருந்தேன். இன்னும் இரண்டு தங்கைகளுக்கு அவர் வீடு கட்ட வேண்டியிருந்தது. இத்தனை வருட உழைப்பில் அவர் தனக்கென்று வாங்கியது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்பது எனக்கு உறைத்தது. அவர் திரும்பிப் போகுமுன் அது ஒரு தரமாவது பறந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

எஞ்சினும் அதற்கான எண்ணெயும் எங்கள் கைக்கு எட்டாதவை. ஆகவே எஞ்சின் இல்லாத விமானம்: பட்டம் மாதிரிக் கயிறு கட்டி இழுத்து உயர ஏற்றி, கயிற்றைக் கழற்றிவிட்டால் தானாக மிதந்து இறங்கும். டெலிவிஷன் பெட்டிக்குள் இருந்த வெள்ளை ரெஜிபோம் அட்டையை அறுத்து இறக்கை செய்தோம். உள்ளே மூங்கில், மேலே பட்டத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன்தான். ஆனால் பறப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தது காகத்துக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட இல்லை. மச்சானின் உம்மா எனக்கு மாமி. மாமி மருமகனோடு நேரே கதைக்க மாட்டார், சுவரோடுதான் கதைப்பார். வீட்டில் ரெண்டு பெரிய புள்ளைகள் விளையாடுது என்று சுவருக்குச் சொன்னார்.

கடற்கரையில் மச்சான் ரிமோட்டைப் பிடிக்க, நான் சாரனை மடித்துக் கட்டி, தங்கூசி என்கிற நைலோன் நூலை இழுத்துக்கொண்டு ஓடினேன். மணலில் கால் புதைந்தது, நூல் வெட்டி வெட்டி இழுத்தது, விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. மூன்று தரம் இப்படி. அங்கே கரையில் நின்று கயிற்றால் வலை இழுக்கும் கரைவலைக்காரர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, அவர்களுடைய தண்டையல், இழுவைக்குத் தலைவர், தாங்களே இழுத்துத் தருவதாகச் சொன்னார்.

ஆறு பேர் கயிற்றைப் பிடித்து, வலை இழுக்கும் அதே நடையில் காற்றுக்கு எதிராகப் பின்னோக்கி நடந்தார்கள். ஒரு வெட்டு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. விமானம் சீராக ஏறி எங்கள் தலைக்கு மேல் வந்தது. இனிக் கயிற்றை இளக்கினால் விமானத்தின் அடியில் மாட்டிய கொக்கி தானாகக் கழன்றுவிடும். விடுங்க, விடுங்க என்று கத்தினேன். அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். இறக்கை நடுவால் முறிந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தண்டையலைக் கண்டபடி ஏசினேன். அவர் ஏச்சை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"இழுக்கிற கயித்த விட்டா மீனெல்லாம் போயிரும் மாஸ்டர். எங்கட கை அப்பிடிப் பழகி இரிக்கி."

மச்சான் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அவர் போக ஐந்து நாள் இருந்தது.

இறக்கையை ஒட்டிக் காயவைக்க மூன்று நாள் போனது. நாலாம் நாள் தண்டையலிடம் போய், ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நீங்கள் கயிற்றை இளக்குவதே இல்லையா என்று விசாரித்தேன். வலை கல்லில் மாட்டினால் உடனே இளக்குவோம், இல்லாவிட்டால் வலை கிழிந்துவிடும் என்றார். யாராவது "கல்லு" என்று சத்தம் போட்டால் போதுமாம். யோசிக்காமல் கை தானாக இளகுமாம்.

அன்று பின்னேரம் விமானம் மறுபடி ஏறியது. நேர் உச்சிக்கு வந்ததும் நான், "கல்லு!" என்று கத்தினேன்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் கையை இளக்கினார்கள். நூல் கழன்று விழுந்தது. விமானம் தனியே நின்றது, பிறகு மெல்லச் சாய்ந்து கடலுக்கு மேலே போனது. மச்சான் பெருவிரலை அசைத்தார், அது திரும்பி எங்களிடமே வந்தது. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. தண்டையலைக் கட்டிப்பிடித்தேன், அவர்மேல் மீன் வாடை அடித்தது. வீட்டுக்கு வந்து கல்லுக் கதையை எல்லோருக்கும் சொன்னோம். மாமி சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே சிரித்தார்.

அடுத்த நாள் கொழும்புக்குப் போகும் வேன் வாசலுக்கு வந்தது. ரிமோட் பெட்டியை மச்சான் என்னிடம் தந்துவிட்டு ஏறினார். மாமி ஜன்னலுக்குள் கை விட்டு மகனின் கையைப் பிடித்தவர் பிடித்தவர்தான். சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தும் விடவில்லை. கையை விடச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

மச்சான் குனிந்து, "கல்லு, உம்மா," என்றார்.

மாமி அழுகையோடு சிரித்துக் கையை விட்டார்.