சார்மினாருக்கு எத்தனை படி?

ஹைதராபாத் சைனிக்புரியில் இருபது வருடமாகக் குடியிருக்கும் நான், ஸ்பெயினுக்குப் போய் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

கோர்தோபா நகரத்தை எனக்கும் மனைவிக்கும் மட்டும் இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்ட லூசியா என்ற வழிகாட்டி வந்திருந்தார். அங்குள்ள பழைய மணிக்கூண்டுக்கு எத்தனை படி என்று அவர் சொன்னதும் எனக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது. அந்த எண்ணை இரண்டால் பெருக்கி, “எங்கள் சார்மினாருக்கு இவ்வளவு” என்றேன்.

செகந்திராபாத்திலேயே பிறந்த என் மனைவி தமிழில் பல்லைக் கடித்தாள். “எதுக்குங்க இந்தப் பொய்? நாம ஒரு தடவைகூட ஏறினதில்லையே!”

அதற்குள் லூசியா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். “ஹைதராபாத்காரர்கள் வந்தால் சொல்வேன். இங்கே எல்லாப் படியையும் நானே ஏறி எண்ணியிருக்கிறேன். அங்கே எண்ண நீங்கள் இருக்கிறீர்களே!”

எனக்கு வியர்த்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, “எண்ணிச் சொல்லுங்கள், இடம் காலியாகவே இருக்கும்” என்றார்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறே சார்மினாருக்குப் போனேன். பாதியில் மூச்சு வாங்கி, கணக்குத் தப்பி, கீழே இறங்கி மறுபடி ஏறினேன். எண்ணை அனுப்பி, “முதல் தளம் வரைதான், அதற்கு மேல் பூட்டு” என்றும் எழுதினேன்.

அவர் அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். எண்ணுக்கு அருகில் ‘பூட்டு வரை’ என்றும் குறித்திருந்தார். என் ஊரைப் பற்றி நான் உருப்படியாகச் சொன்ன ஒரே உண்மை, கோர்தோபாவில் பத்திரமாக இருக்கிறது.